அகராதிக்காரர்களை அலைக்கழித்த சிறுசொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன், இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றான். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். கையில் நீளமான குறிப்பேடு ஒன்று. கடினமான ஆங்கிலச் சொற்கள் மூவாயிரத்தை அகர வரிசையில் எழுதி, எதிரே தமிழ்ப் பொருளையும் எழுதி, ஓராண்டாக மனப்பாடம் செய்து வந்திருக்கிறான்.

"ஐயா, இங்கிலீஷ் சாரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. 'மேக்' தெரியும். 'டூ' தெரியும். 'மேக் டூ' என்று ஒரு பத்தியில் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்."

"கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது, தம்பி" என்றேன்.

தெளிவு பிறக்க வேண்டிய முகத்தில் வருத்தம்தான் வந்தது. "ரெண்டும் மூன்றாம் வகுப்பில் படித்த வார்த்தை ஐயா. இதுவே தெரியவில்லையென்றால் எனக்கு இங்கிலீஷே தெரியாது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவன் கேள்வி பல நாள் என்னைத் தொந்தரவு செய்தது. தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவன் ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைப் புரட்டத் தொடங்கியது அப்படித்தான். புரட்டப் புரட்ட ஒன்று விளங்கியது. அந்த மாணவன் நின்ற இடத்தில் ஆங்கிலேயர்களே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்று தவித்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

*

ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி என்று பொதுவாகக் கருதப்படுவது இராபர்ட் காட்ரி என்பவர் 1604இல் வெளியிட்ட சிறு நூல். ஏறத்தாழ 2,500 சொற்கள். அத்தனையும் கடினச் சொற்கள். இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் அப்போது ஆங்கிலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தவை. 'வா', 'போ', 'கொடு', 'எடு' போன்றவற்றுக்கு அதில் இடமில்லை. தெரிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு? என் மாணவனின் குறிப்பேடும் அந்த முதல் அகராதியும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை.

அந்த எண்ணம் ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1702இல் ஜான் கெர்சி தொகுத்ததாகக் கருதப்படும் அகராதியில்தான் அன்றாடச் சொற்கள் பேரளவில் இடம்பெறத் தொடங்கின. அப்போதும் நாய், குதிரை என வந்தால், எல்லோரும் அறிந்த விலங்கு என்ற அளவில் சொல்லிவிட்டுக் கடந்துபோவது அக்கால அகராதிக்காரர்களின் வழக்கமாக இருந்தது.

இந்த அலட்சியத்தை உடைத்தவர் சாமுவேல் ஜான்சன். 1746இல் இலண்டன் புத்தக வணிகர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, காஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் எழுத்தர் ஆறு பேரை வைத்து வேலை செய்தார். 1755 ஏப்ரல் 15 அன்று வெளிவந்த அவரது அகராதியில் 42,773 சொற்கள். எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஒரு சொல்லின் பொருள்களை ஒன்று, இரண்டு என எண்ணிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டிய முறை.

அந்த முறையைக் கையாண்டபோதுதான் அவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. இலத்தீன் வழிவந்த பெருஞ்சொற்கள் இரண்டு மூன்று பொருளோடு அடங்கிவிட்டன. 'எடு' என்று நாம் எளிதாகப் பொருள் சொல்லும் 'டேக்' அடங்கவில்லை. அதற்கு 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஐந்து பக்கங்கள் நிரம்பின. 'புட்' என்ற மூன்றெழுத்துச் சொல் மூன்று பக்கங்களைப் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட வினைகளின் பொருள் மிக விரிந்தும் தெளிவற்றும் கிடப்பதையும், முதற்பொருளிலிருந்து அவை கிளைத்துச் சென்ற தடத்தைப் பின்தொடர முடியாமல் போவதையும் அகராதியின் முன்னுரையிலேயே அவர் முறையிட்டிருக்கிறார். ஆங்கில இலக்கியம் முழுவதையும் கரைத்துக் குடித்தவர் தோல்வியை ஒப்புக்கொண்ட இடம் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களிடம்.

*

நூறாண்டுகள் கழித்து இலண்டன் மொழியியல் கழகம் வேறொரு பெருங்கனவைத் தொடங்கியது. 1857இல் அதற்கான பேச்சு எழுந்தது. முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் தம் முப்பதாம் வயதிலேயே இறந்துபோக, பணி தடுமாறித் தடுமாறிச் சென்றது. 1879இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் ஜேம்ஸ் முர்ரேயிடம் பொறுப்பை ஒப்படைத்தது. ஸ்காட்லாந்தின் எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் தையற்காரர் மகனாகப் பிறந்து, பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, பிறகு தாமே பல மொழிகளைக் கற்றுப் பள்ளி ஆசிரியரானவர் அவர். பத்தாண்டுகளில் முடித்துவிடலாம் என்றுதான் ஒப்பந்தம்.

வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றை எழுப்பி, அதற்கு 'ஸ்கிரிப்டோரியம்' என்று பெயரிட்டு உட்கார்ந்தார். முன்னவர்கள் விட்டுச்சென்ற துண்டுச்சீட்டுகள் மட்டும் இரண்டு டன் எடை. நூல்களைப் படித்து, சொல்லையும் அது வரும் வாக்கியத்தையும் சீட்டில் எழுதி அனுப்புமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆசிரியர்கள், பாதிரிமார்கள், வீட்டிலிருந்த பெண்கள் என ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி எழுதி அனுப்பினார்கள். முர்ரேயின் பிள்ளைகள் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கினார்கள்.

சீட்டுகளை அடுக்கியபோது ஒரு விநோதம் வெளிப்பட்டது. 'அப்யூஷன்' என்ற, வழக்கொழிந்த அரிய சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் கிடைத்தன. எல்லோரும் நாள்தோறும் புழங்கும் 'அப்யூஸ்' என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. படித்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அரிய சொல் பக்கத்திலிருந்து எழுந்து நின்று கைதட்டிக் கூப்பிட்டது, எடுத்து எழுதினார்கள். எளிய சொல் அதே பக்கத்தில் இருபது முறை வந்தும் கண்ணில் படவில்லை. சாதாரணச் சொற்களையும் குறித்து அனுப்புங்கள் என்று வேண்டுகோளில் தெளிவாகவே கேட்டிருந்தார்கள். ஆனாலும் பயனில்லை. கண் பழகிவிட்ட ஒன்றைக் காணும்படி கண்ணுக்கு எப்படி ஆணையிடுவது?

விட்டுப்போனவற்றுக்கு முர்ரேயும் உதவியாளர்களும் தாமே நூல்களைத் தேடி மேற்கோள் எடுக்க நேர்ந்தது. முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. ஐந்தாண்டு உழைப்பின் பயனாக அவர்கள் வந்து சேர்ந்திருந்த இடம், எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' என்ற சொல். பத்தாண்டுக் கணக்கு அங்கேயே தகர்ந்தது. அச்சகத்தார் விரைவுபடுத்தச் சொல்லி நெருக்கினார்கள். ஹென்றி பிராட்லி, வில்லியம் கிரேகி, சார்லஸ் ஆனியன்ஸ் என்று பதிப்பாசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டனர். 'கோ', 'கெட்', 'மேக்', 'செட்' ஆகியவை பிராட்லியின் பங்குக்கு வந்தன. 'புட்', 'டேக்', 'டர்ன்' ஆகியவை முர்ரேயின் பங்குக்கு. சீட்டுகளை மேசையில் பரப்பி, இது அந்தப் பொருளா, அதன் கிளையா, வேறொரு வேரா என்று மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பதுதான் வேலை.

1917இல் தமக்கு எண்பது வயது நிறையும்போது அகராதியும் நிறைவுபெற வேண்டும் என்பது முர்ரேயின் ஆசை. 1915 ஜூலை 26 அன்று இறந்துபோனார். இறுதி நாள்களில் அவர் கையிலிருந்தவை 'டி' எழுத்தின் பிற்பகுதித் தாள்கள். 'டர்ன்' வருவது அங்கேதான். 1928இல் அகராதி முற்றுப்பெற்றபோது தலைச்சொற்கள் 4,14,825, மேற்கோள்கள் 18,27,306. தொடங்கியவர்களில் பலர் அதைப் பார்க்க இல்லை.

*

எளிய சொற்கள் ஏன் இப்படிப் பொருள்களைச் சேர்த்துக்கொள்கின்றன? ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம். நமக்கும் பழக்கமான 'போர்டு'.

பழைய ஆங்கிலத்தில் அது வெறும் பலகை. பலகையைக் கால்களின்மேல் வைத்தால் மேசை; ஆகவே மேசைக்கும் அதே பெயர். மேசையில் பரிமாறப்படுவது உணவு. ஆகவே உணவுக்கும் அதே பெயர். தங்க இடமும் உண்ண உணவும் தருவது 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என நம்மூர்ப் பெயர்ப்பலகை வரை வந்த கதை இதுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும் குழுவுக்கும் அப்பெயர் ஏறியது. கோப்பைகளை வைத்திருந்த திறந்த மேசையே பிற்காலத்தில் கதவு முளைத்துக் 'கப்போர்டு' என்னும் அலமாரியாயிற்று. சீட்டாடும்போது கையை மேசைக்கு மேலே வைத்திருப்பவன் ஏமாற்ற முடியாது. 'அபவ் போர்டு' என்றால் ஒளிவுமறைவில்லாத நேர்மை.

கப்பலின் பக்கவாட்டுக்கும் இதே பெயர். சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் அது 'ஸ்டார்போர்டு'. நட்சத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுக்கான் பிடிப்பதைக் குறித்த பழஞ்சொல் மருவிய வடிவம். இடப்பக்கம் 'லார்போர்டு'. புயலில் கத்தும்போது இரண்டும் ஒன்றுபோல் கேட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 1844இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் 'லார்போர்டு' என்பதை விலக்கி, 'போர்ட்' என்றே சொல்ல வேண்டும் என ஆணையிட்டது. கப்பலில் ஏறுவதற்கு இருந்த சொல் விமானத்துக்கும் ஏறி, 'போர்டிங் பாஸ்' ஆக நம் கைக்கு வந்திருக்கிறது. குழு என்ற பொருளில் இச்சொல்லைத் தமிழாக்கியவர்கள் 'வாரியம்' என்றார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) பயின்ற சொல் அது. ஆங்கிலேயரின் சாப்பாட்டு மேசையும் சோழர் காலத்து ஊர்ச்சபையும் மின்சார வாரியத்தில் சந்தித்துக்கொள்கின்றன!

இவ்வளவுக்கும் காரணம் எளிமையானது. எதிரில் இருந்த பொருளின் பெயரை அருகில் இருந்த அடுத்த பொருளுக்கு மக்கள் நீட்டினார்கள். அரிய சொல்லை யாரும் நீட்டத் துணிவதில்லை. அது விழாநாள் பட்டு. எளிய சொல் அன்றாட வேட்டி. தலையில் கட்டலாம், மூட்டை கட்டலாம், தொட்டிலும் கட்டலாம்.

சில வேளைகளில் ஒரு சொல் தன் எதிர்ப்பொருள் வரை நடந்துபோய்விடுகிறது. 'ஃபாஸ்ட்' என்பதற்கு முதற்பொருள் அசையாமல் உறுதியாக இருப்பது. சாயம் போகாத துணிக்கு 'ஃபாஸ்ட் கலர்' என்பது அந்தப் பழம்பொருளின் மிச்சம். நோன்பைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்' கூட உறுதியாகக் கடைப்பிடித்தல் என்பதிலிருந்து வந்ததே. உறுதியாக, தீவிரமாக, விடாமல் என்று நகர்ந்து நகர்ந்து, கடைசியில் அதுவே விரைந்தோடுவதற்கும் பெயராயிற்று.

வேறு சில சொற்களில் இருவேறு குடும்பங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. வைப்பது என்ற பொருளுள்ள 'செட்', உட்காருவதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையின் பிறவினை. தொகுதி என்ற பொருளுள்ள 'செட்' இலத்தீனில் தொடங்கிப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒலி ஒன்றானதால் உறவும் ஒன்றாயிற்று. இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே அந்தத் தையல் தெரிவதில்லை.

இவையெல்லாம் புலவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைத்தலைமையினர் ஓர் அறிக்கையை உடனே விவாதிக்க விரும்பி, அதை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்க வழக்கில் அச்சொல்லுக்குப் பொருள், விவாதிக்காமல் ஒத்திவைப்பது. ஆகவே அமெரிக்கர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இருதரப்பும் வேண்டியது ஒன்றே என்பது புரியுமுன் நீண்ட, கசப்பான வாக்குவாதம் நடந்துவிட்டதாகச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒரே மொழி பேசிய நேச நாடுகள். சிக்கல் வந்தது மேசை என்னும் சொல்லில்.

*

தன் வீட்டுக்காரனுக்குத் தெரியாத கதவு விருந்தாளியின் தலையில் இடிக்கும். ஆங்கிலத்தின் சிறுசொற்களை ஆங்கிலேயருக்கு எடுத்துக் காட்டியவர்களில் பெரும்பாலோர் அந்நியருக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்களே.

1930இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களே கொண்ட ஓர் ஆங்கிலத்தை உலகுக்கு முன்வைத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே: 'கம்', 'கெட்', 'கிவ்', 'கோ', 'மேக்', 'புட்', 'டேக்' போன்றவை. நுழைவது என்பதற்குத் தனிச்சொல் வேண்டாம், 'கோ இன்' போதும் என்பது திட்டம். 1943இல் சர்ச்சிலும் அதை ஆதரித்துப் பேசினார். ஆனால் பொறுத்துக்கொள்வது என்ற பொருளில் 'புட் அப் வித்' என்று எழுதும்போது, சொற்களின் எண்ணிக்கைதான் குறைகிறதே தவிர, கற்பவனின் சுமை குறைவதில்லை. மூன்று சொற்களையும் தனித்தனியே அறிந்தவனுக்கு அவை சேர்ந்து தரும் பொருள் கிட்டாது. ஒரு சொல்லை நீக்கிய இடத்தில் ஒரு மரபுத்தொடர் முளைத்துவிடுகிறது. ஆக்டனின் கனவு இந்த இடத்தில் சறுக்கியது.

டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்காளச் சிறுவர்களுக்கு ஆங்கில வாசிப்பு நூல்கள் எழுதிய மைக்கேல் வெஸ்ட் இந்தச் சறுக்கலை உணர்ந்திருந்தார். 1953இல் அவர் வெளியிட்ட சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்ற கணக்கும் உண்டு. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தில், தம் தோழர்கள் இருவரோடு ஓர் அகராதியைத் தொகுத்தார். அது 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது; போர் மூண்டதால் அவர் ஜப்பானை விட்டு வெளியேற நேர்ந்த ஆண்டும் அதுவே. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை மறுபதிப்பாக வெளியிட்டது. நம் கல்லூரி நூலகங்களில் அட்டை கிழிந்து கிடக்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியின் முன்னோடி இந்த ஜப்பானியப் பிள்ளைதான்.

1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேரின் தலைமையில் வந்த 'கோபில்டு' அகராதி, கணினியில் திரட்டிய பல இலட்சம் சொற்களாலான உரைத்தொகுதியை ஆராய்ந்து உருவானது. 'டேக்' என்றதும் ஆங்கிலேயன் மனத்தில் தோன்றுவது கையால் எடுப்பது. உரைத்தொகுதியிலோ 'டேக் எ லுக்', 'டேக் கேர்', 'டேக் டைம்' போன்றவை, எதையும் கையால் எடுக்காத தொடர்கள், மேலோங்கி நின்றன. தாய்மொழியாளன் தன் மொழியைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதை இயந்திரம் மெய்ப்பித்தது.

ஆக்ஸ்போர்டு பேரகராதியும் ஓயவில்லை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் 20 தொகுதிகளில் மிக நீண்ட பதிவு 'செட்'. அதை விளக்க மட்டும் சுமார் 60,000 சொற்கள். அதன்பின் நடந்துவரும் திருத்தப் பணியில் 2000இல் 'மேக்' அதை முந்தியது. 2007இல் 'புட்' முந்தியது. 2011இல் 'ரன்' எல்லாவற்றையும் முந்தியது. வினையாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதங்கள் செலவிட்டார். ஆறும் ஓடுகிறது, மூக்கும் ஓடுகிறது, பேருந்தும் ஓடுகிறது, நாடகமும் ஓடுகிறது. கடையை நடத்துவதும் தேர்தலில் நிற்பதும்கூட அங்கே ஓட்டம்தான்.

*

அந்த மாணவனை மறுபடி பார்த்தபோது இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். ஜான்சனுக்கே பிடிபடாதது உனக்குப் பிடிபடவில்லை என்பதற்காக ஆங்கிலம் தெரியாது என்று முடிவுகட்டாதே என்றேன். பிறகு ஒரு வேலையும் கொடுத்தேன். தமிழில் 'போடு' என்ற சொல்லை உன் வீட்டில் எப்படியெல்லாம் சொல்கிறார்கள், ஒரு வாரம் காதில் விழுவதைச் சீட்டில் எழுதிக்கொண்டு வா.

சட்டை போடுவது, சோறு போடுவது, கோலம் போடுவது, சண்டை போடுவது, ஊசி போடுவது, கணக்குப் போடுவது, கையெழுத்துப் போடுவது, ஆடு குட்டி போடுவது, குறட்டை போடுவது, வேஷம் போடுவது என்று நாற்பதுக்கு மேல் எழுதிக்கொண்டு வந்திருந்தான். "பாதி எங்கள் ஆத்தா சொன்னது ஐயா. இருபது வருஷமாகக் கேட்கிறேன், இப்போதுதான் காதில் விழுகிறது" என்றான். முர்ரேயின் வாசகர்கள் 'அப்யூஸ்' என்பதைத் தவறவிட்டதன் காரணத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் காத்துக் கொடுத்தது. தற்கால வழக்கை மேற்கோளாகக் கொண்டு, இந்தச் சிறுசொற்களின் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்துக் காட்ட 1992இல் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' வரவேண்டியிருந்தது. அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020ஆம் ஆண்டின் இறுதியில் பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் மறைந்தார். ஒரு மொழியின் பெருமையைச் சொல்லும்போது சொற்களின் எண்ணிக்கையையும் பழமையையும் மேடையில் முழங்குகிறோம். வீட்டில் ஆத்தா வாயில் புழங்கும் நாலெழுத்துச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேட்டால் விழிக்கிறோம். அந்தச் சீட்டுகளை எழுதக்கூடியவர்கள் நம் வீடுகளில் இருக்கும் முதியவர்களும் அவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த நாமும்தான்.

மாணவன் அந்த ஆண்டு வங்கித் தேர்வில் தேறவில்லை. மறு ஆண்டு தேறினான். மூவாயிரம் சொல் குறிப்பேட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டதாகவும், 'போடு' சீட்டுகளை மட்டும் தன்னிடம் வைத்திருப்பதாகவும் சொன்னான்.